மேடை விழாவா, ஊர்ப் பயணமா, நீதி அரங்கா: கல்லூரிக் கலாசாரக் குழு எதைத் தெரிவு செய்யலாம்?

மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகக் கலாசாரக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்து வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பொறுப்பெடுக்கும் மாணவர்கள் முதலில் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், இந்த முறை விழாவை என்ன மாதிரிச் செய்வம்?" கையில் இருப்பது ஒரு மண்டபம், கொஞ்சக் காசு, சில மாதங்கள். ஆனால் அந்த மண்டபத்துக்குள் யார் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று பார்த்தால் கேள்வி அவ்வளவு சின்னதில்லை.

தமிழ் ஊரான கொக்கட்டிச்சோலைப் பிள்ளையும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். மருதமுனையிலிருந்து ஒருவர், சிங்கள ஊரான உகணையிலிருந்து ஒருவர், வாகரையிலிருந்து ஒருவர். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்) வீட்டுப் பிள்ளை ஒருவர். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் அளிக்கம்பையில் இருக்கும் குறவர் சமூகத்தார் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள் என்பது, எங்கள் பிள்ளைகளில் பலருக்கே புதுச் செய்தி. தமிழருக்கு எதிரான 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

இத்தனை பேருக்குமாக ஒரு விழா என்றால் எப்படிச் செய்வது? நான் செய்து பார்த்ததையும், மற்றவர்கள் செய்யப் பார்த்ததையும் வைத்து வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். இப்படியொரு தீர்மானம் எடுக்க வேண்டிய குழுவில் நீங்கள் இருந்தால் உதவும் என்று நம்புகிறேன்.

ஒருநாள் மேடை விழா

எல்லோருக்கும் தெரிந்த வடிவம் இது. மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், ஒரு பரதம், ஒரு கண்டிய நடனம், ஒரு பொல்லடி (முஸ்லிம்களின் கோலாட்டம்), ஒரு பைலா (போர்த்துக்கேயர் வழி வந்த ஆட்டப் பாட்டு), பிரதம அதிதி உரை, பொன்னாடை, நன்றியுரை. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு முடியும்.

இதைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனமில்லை. முழுக் கல்லூரியும் ஒரே கூரைக்குள் வரும் நாள் வேறு எது? முதல் முறை மேடையேறும் பிள்ளையின் தாய், கதிரை நுனியில் இருந்து இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தபடி பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பெறுமதியான நாள்தான். செலவும் வேலையும் முன்கூட்டியே தெரியும். ஆறு வாரத்தில் செய்து முடிக்கலாம். நிர்வாகமும் பயப்படாது.

சிக்கல் எங்கே என்றால், நேரத்தில். எட்டு நிமிடத்துக்குள் அடங்கும் கலைதான் மேடைக்கு வரும். எங்கள் ஊர்க் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடமோடியோ தென்மோடியோ (கூத்தின் இரண்டு பாணிகள்), ஊரில் அதற்குச் சட்டம் கொடுத்தல் (ஆடுபவருக்குப் பிரதி கொடுப்பது), சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் என்று பல மாத ஓட்டம் இருக்கிறது. வட்டக் களரியில் நான்கு பக்கமும் சனம் இருக்க, விடிய விடிய ஆடுவார்கள். அந்தக் கூத்திலிருந்து ஒரு வரவுத் தருவை (பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் பாட்டை) மட்டும் வெட்டி எடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் வைத்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது உடுப்பும் துள்ளலும்தான்.

இது இன்று நேற்று வந்த வாதமில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்திப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் மத்தியில் கூத்துக்கு ஒரு மரியாதை பிறந்ததில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் பேராசிரியர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் வேறு பாதையில் போனது. கூத்தை ஊரை விட்டுப் பெயர்க்காமல், ஊர்க்காரரே பேசி, மாற்ற வேண்டியதை அவர்களே மாற்றி, களரியிலேயே ஆடுவது. கல்லூரி விழாவைத் திட்டமிடும் ஒவ்வொரு குழுவும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டு பாதைக்கும் நடுவில்தான் நிற்கிறது.

இரண்டாவது சிக்கல் உடுப்பு. மேடையில் ஒரு சமூகத்தைக் காட்ட வேண்டும் என்றால் பிள்ளைகள் உடனே உடுப்பைத்தான் தேடுவார்கள். தொப்பி போட்டால் முஸ்லிம், இலைகுழை கட்டி வில்லைப் பிடித்தால் வேடர். வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்துக் கரையோர வேடர்கள் சாரம் கட்டி, தமிழ் பேசி, கடலிலும் களப்பிலும் மீன் பிடித்துச் சீவிப்பவர்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் மண்டபத்தில் இருக்கும்போது, மேடையில் இலை கட்டி ஊளையிட்டால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒரு முறை அப்படி நடந்ததை நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை எழும்பிப் போகவில்லை. கைதட்டியது. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மூன்றாவது, விகிதக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 73 வீதம், முஸ்லிம்கள் 25 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் ஒரு வீதத்தை ஒட்டி, பறங்கியர் அரை வீதமளவில். அம்பாறையில் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17 வீதமளவில். இந்தக் கணக்குப்படி மேடை நேரத்தைப் பங்கிட்டால் பறங்கியருக்கு ஒரு நிமிடமும் மிஞ்சாது; வேடரும் குறவரும் கணக்கிலேயே வரமாட்டார்கள். எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் பெரிய சமூகத்தவர் முணுமுணுப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் கூட்டத்தில் பேச்சு, "எங்களுக்கு எத்தனை நிமிடம்" என்பதிலேயே போய் நிற்கும். ஒற்றுமைக்கு என்று தொடங்கிய விழா, பங்குப் பிரச்சினையாக முடிவதை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆண்டு அதிதிகளை வாசலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துவரப் பறைமேளக் கலைஞர்களைக் கூப்பிட்டோம். வயதான ஐயா ஒருவரும் அவருடைய இரண்டு மகன்மாரும் வந்தார்கள். ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்ததும் அதிதிகள் உள்ளே போனார்கள். பறை வெளியே நின்றுவிட்டது. யாரும் "நில்லுங்கள்" என்று சொல்லவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு அதற்குமேல் வேலை இல்லை. உள்ளே "நமது பாரம்பரியக் கலைகள்" என்று பேச்சு நடக்கும்போது ஐயா வாகை மர நிழலில், பறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பார்சலும் அங்கேயே போனது. பறையை யார் அடிப்பது, அடிப்பவர் எங்கே நிற்பது என்பதில் எத்தனை தலைமுறைச் சாதிக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் நாங்கள். தெரிந்தும் அதையே எங்கள் கல்லூரி வாசலில் திரும்பச் செய்தோம். குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான்.

சாப்பாட்டுக் கடையும் கண்காட்சியும்

மேடை வேண்டாம் என்றால் குழுக்கள் அடுத்ததாகப் போவது இங்கேதான். மைதானத்தில் தகரப் பந்தல், சமூகத்துக்கு ஒரு மேசை. காத்தான்குடி மஸ்கட், வட்டிலப்பம், பிட்டும் எருமைத் தயிரும், கொக்கிஸ், பறங்கியர் வீட்டு லவ் கேக். பக்கத்தில் பன்பாய், மருதமுனைக் கைத்தறிச் சாரம், மீன் பிடிக்கிற கரப்பு, அத்தாங்கு.

மேடையை விட இதில் ஒரு நன்மை உண்டு. பேச்சு வருகிறது. மேடையில் இருப்பவரிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது, பாய் இழைப்பவரிடம் "இந்தச் சாயம் எங்கே வாங்குறீங்கள் ராத்தா?" என்று கேட்கலாம். அவரும் மூலை மடிப்பதை ஒரு தரம் செய்து காட்டுவார். மாணவர் கையில் பன் புல்லைக் கொடுத்து இழைக்கச் சொன்னால் பத்தாவது நிமிடத்தில் விரல் நோகும். அந்த நோவிலேயே ஒரு பாயின் விலை ஏன் அவ்வளவு என்று விளங்கிவிடும். சாப்பாட்டில் ஹலால், மாட்டிறைச்சி, வெள்ளிக்கிழமை மரக்கறி எல்லாவற்றையும் முதலிலேயே பேசி ஒழுங்கு செய்தால் எந்த மனத்தாங்கலும் வராது. பேசாமல் விட்டால் நிச்சயம் வரும்.

ஆனால் மேசையில் வைத்த பொருள் வந்த இடத்தைக் காட்டாது. தயிர்ச் சட்டியையே எடுங்கள். மட்டக்களப்பு என்றால் தயிர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பால் தருகிற மாடுகளுக்கு மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் தரை வேண்டும். அந்தத் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் தொடங்கித் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். தயிரை வைத்துவிட்டு மேய்ச்சல் தரையைப் பேசாமல் விட்டால் அந்தக் கண்காட்சியில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். மேசைக்குப் பின்னால் ஒரு பண்ணையாளரையே இருத்தி, அவர் விரும்பினால் அவர் கதையைச் சொல்ல விட்டால், அதே மேசை வேறு மேசையாகிவிடும்.

ஆக, ஆறு வாரம்தான் இருக்கிறது, நிர்வாகம் பெரிதாக எதற்கும் சம்மதிக்காது என்றால் இந்த வழியை எடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: மேசைக்குப் பின்னால் உடுப்பு மாற்றிய மாணவர் நிற்கக் கூடாது. அந்தப் பொருளைச் செய்பவர் இருக்க வேண்டும். அவருக்கு ஒருநாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் கொடுக்க வேண்டும். பொன்னாடைக்கு ஒதுக்கும் காசை இதற்கு மாற்றினாலே பெரும் பகுதி சரியாகிவிடும்.

மாதம் ஒரு சமூகம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்துச் சிலர் கேட்பது இது. அமெரிக்காவில் கார்ட்டர் வூட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926 இல் கறுப்பின மக்கள் வரலாற்றுக்கு ஒரு வாரம் தொடங்கினார். 1969 இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதை ஒரு மாதமாக்கும் யோசனையை முன்வைத்து, 1970 இல் நடத்தினார்கள். 1976 இல் அது நாடளாவிய மாதமாயிற்று. பிறகு மற்றச் சமூகங்களுக்கும் மாதங்கள் வந்தன. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது: பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு சமூகத்தின் வரலாற்றை வகுப்பறைக்குள் கொண்டுவருவது. வூட்சனின் அமைப்பு ஆசிரியர்களுக்குப் பாட உதவிப் பொருட்களை அனுப்பியது. அந்த ஒரு வேலையை நாங்களும் எடுத்துக்கொள்ளலாம், குறிப்பாக நாளைக்கு ஆசிரியராகப் போகும் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில்.

ஆனால் மாதக் கணக்கு இங்கே பொருந்தாது என்பது என் எண்ணம். ஜூனில் முஸ்லிம்கள், ஜூலையில் பறங்கியர் என்று அட்டவணை போட்டால், தன் மாதம் இல்லாத மாதத்தில் யாரும் மண்டபத்துக்கு வரமாட்டார்கள். ஏற்கெனவே ஊரும் பாடசாலையும் வேறு வேறாக வளர்ந்த பிள்ளைகளை இன்னொரு தடவை பெட்டி பெட்டியாகப் பிரிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

நாங்கள் ஊருக்குப் போவது

இங்கே கொஞ்சம் நின்று எழுத ஆசைப்படுகிறேன். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான்.

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் இங்கே இருந்த காலம் சின்னது. அவர்கள் விட்டுப்போன மொழியோ, கலந்து மாறி, ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்தும் மட்டக்களப்புப் பறங்கியர் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. எங்கள் மாணவர் பன்னிரண்டு பேர் அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டு அன்ரிக்கு எண்பதுக்கு மேல். முதலில் வெட்கப்பட்டார். "எங்கட பாஷையைக் கேட்டு என்ன செய்யப் போறியள் மனே?" என்றார். பிறகு விறாந்தையில் இருந்தபடியே ஒவ்வொரு பொருளாகக் காட்டச் சொன்னார். ஒரு மாணவி தான் இருந்த கதிரையைக் காட்டினாள். அன்ரி சொன்ன சொல்லும் ஏறத்தாழ அதேதான். மேசையைக் காட்டினாள். அதுவும் அப்படியே. வாங்கு, அலமாரி, ஜன்னல், சப்பாத்து, பாண் என்று போகப் போக விறாந்தை முழுக்கச் சிரிப்பு. பிறந்ததிலிருந்து நாங்கள் தமிழ் என்று நினைத்துப் பேசும் பாதித் தளபாடம் போர்த்துக்கேயச் சொல்லில் நிற்கிறது. பறங்கியர் பலர் பரம்பரைத் தச்சர்கள் என்பதும் அன்று பேச்சில் வந்தது. "எங்கட மண்டபத்து வாங்கு யார் செய்ததோ" என்று ஒரு பிள்ளை கேட்டதை மறக்க முடியாது.

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. பேரப்பிள்ளைகளுக்கு ஏன் இந்தப் பாஷை தெரியாது என்று கேட்டபோது, பாடசாலையில் பகிடி பண்ணுவார்கள் என்று பயந்து வீட்டில் பேசுவதைக் குறைத்தோம் என்றார். பாட்டும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் கலியாண வீட்டில் இருக்கிறது, பேச்சு போகிறது. மேடையில் ஒரு பைலா போட்டிருந்தால் இந்த வசனம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. பாரம்பரியம் எது, அநீதி எது என்று பிரித்து இரண்டு நிகழ்ச்சியாக வைக்க வேண்டியதில்லை என்று நான் நினைக்கத் தொடங்கியது அந்த விறாந்தையில்தான்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் போக முடியாது. நூறு பேர் பஸ்ஸில் போய் இறங்கிப் படமெடுத்தால் அது பார்வையிடப் போன மாதிரி ஆகிவிடும், வீட்டாருக்குத்தான் பாரம். கல்லூரியில் மிச்சப் பேருக்கு என்ன கிடைத்தது என்று நிர்வாகம் கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு முறை போய்விட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, போகாமலே இருப்பதை விட மோசம். ஒரே ஊருக்கு மூன்று தரமாவது போக நேரம் இருந்தால்தான் இதில் இறங்குங்கள். மூன்றாம் தரம் அவர்களை உங்கள் கல்லூரிக்கு அழைத்து, என்ன காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை அவர்கள் கையில் விடுங்கள். சடங்கில் மட்டும் பாட வேண்டிய பாட்டை மண்டபத்தில் பாட மாட்டோம் என்று சொன்னால் அதோடு சரி. இசை, ஆட்டம் பற்றி முஸ்லிம் ஊர்களுக்குள்ளேயே வேறு வேறு கருத்து உண்டு. பொல்லடி வேண்டுமா, கவி வேண்டுமா, இரண்டும் இல்லாமல் ஒரு உம்மம்மாவின் கதை வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நீதி அரங்கு

கொண்டாட்டம் போதும், பிரச்சினையைப் பேசுவோம் என்று சொல்லும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு அதிகம். ஆனால் இந்த மண்ணில் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள்; திரும்பவில்லை. செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டான் படுகொலை. எல்லாம் ஆறு கிழமைக்குள். பிறகு 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடிப்பு. எங்கள் மாணவர்கள் 1990க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படம் சுவரில் தொங்குகிறது. ஒரு பிள்ளைக்குத் தெரிந்த திகதி மற்றப் பிள்ளைக்குத் தெரியாது.

அதனால் முந்நூறு பேர் மண்டபத்தில் மைக் கொடுத்து இதைத் தொடங்காதீர்கள். ஒருமுறை திறந்த கலந்துரையாடல் ஒன்றில் யாரோ எழும்பி, முதலாம் ஆண்டு முஸ்லிம் மாணவன் ஒருவனைப் பார்த்து, "உங்கட ஆக்கள் ஏன் அப்படிச் செய்தவை?" என்று கேட்டார். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. எதைச் சொல்லுவான்? அன்றிலிருந்து நான் ஒரு விதியை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்: தன் சமூகத்துக்காக யாரும் பதில் சொல்லத் தேவையில்லை, தன் வீட்டுக் கதையை மட்டும் சொல்லலாம், விரும்பினால்.

சின்ன அறை, பதினைந்து பேர், வட்டமாகக் கதிரை, நான்கு அமர்வு, தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரிந்த ஒருவர். இந்த ஒழுங்கு இருந்தால் மற்ற எந்த வழியும் தராத ஒன்றை இது தரும். சாதி, பெண்களின் காணி உரிமை, கூலி, மொழி போன்றவற்றைத் தொடக்கத்தில் பேசுவது நல்லது. கொலைகளைப் பற்றிய பேச்சு, ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகு தானாக வரும். வராமலும் போகலாம். வற்புறுத்த வேண்டாம். கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சமூகத்தை விட்டு, ஒரு பொருளை எடுப்பது

கடைசியாக நாங்கள் வந்து சேர்ந்த யோசனை. சமூகம் சமூகமாக அடுக்காமல், எல்லோரும் தொட்டுப் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, ஒவ்வொருவர் வீட்டிலும் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது.

கண்ணகியை எடுங்கள். வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோவில்களில் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும்போது, சிங்கள ஊர்களில் அவளே பத்தினித் தெய்வம். எங்கள் ஊர்களில் ஊரை வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரித்துக் கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும் கொம்புமுறி, அங்கே அங்கெலிய. உகணைப் பிள்ளையும் கொக்கட்டிச்சோலைப் பிள்ளையும் ஒரே கயிற்றின் கதையை இரண்டு மொழியில் சொல்லக் கேட்க வேண்டும்.

அல்லது குடியை, அதாவது தாய்வழி வரும் குலத்தை, எடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை பொது. கோவில் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார். வீடு மகளுக்குப் போகும். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தது இதைத்தான். இதை எடுத்தால் நீதிக் கேள்வியைத் தனியாகத் தேட வேண்டியதில்லை: மகளுக்கு வீடு போகும் ஊரில், அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கத் தாயும் தகப்பனும் எத்தனை ஆண்டு வெளிநாட்டில் உழைக்கிறார்கள்? வீடு பெண்ணுக்கு என்றால் கோவிலிலும் பள்ளியிலும் பேசும் உரிமை ஏன் அவளுக்கு இல்லை? பிள்ளைகளே கேட்பார்கள்.

வேளாண்மை, தாலாட்டு, பாய், களப்பு என்று இன்னும் எத்தனையோ இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லோருக்கும் பொதுவானதையே தேடினால், பொதுவில் இல்லாதவர் விடுபட்டுப் போவார். குடியை எடுத்தால் பறங்கியப் பிள்ளைக்கும் மலையகப் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. ஆகவே ஒரு ஆண்டு எடுத்த பொருளை அடுத்த ஆண்டு எடுக்கக் கூடாது. இந்த முறை வெளியே நின்றவர் அடுத்த முறை நடுவில் வரும்படி பொருளைத் தேர வேண்டும்.

திகதி

நல்ல திட்டம் பல திகதியில்தான் கெட்டுப்போகிறது. ஐக்கிய நாடுகளின் சமூக நீதி நாள் பெப்ரவரி 20, தாய்மொழி நாள் பெப்ரவரி 21. இரண்டும் பொருத்தமாகத் தெரியும். ஆனால் 2026 இலிருந்து 2028 வரை அவை நோன்புக் காலத்தில் விழுகின்றன. பகலில் உணவு விழா வைத்தால் கால்வாசி மாணவர்களை வெளியே நிறுத்தியதாகும். பண்பாட்டுப் பல்வகைமை நாளான மே 21 வைகாசிச் சடங்கு, வெசாக் நெருக்கத்தில் வரும். மனித உரிமை நாளான டிசம்பர் 10 மழையும் வெள்ளமும். ஆகஸ்ட் 9 ஆதிவாசிகள் நாள். வாகரைப் பக்கம் போவதாக இருந்தால் நல்ல நாள். பொதுவாக எனக்குப் பிடித்தது ஜூலை: கச்சான் காற்று அடிக்கும், நிலம் காய்ந்திருக்கும், பாதை நல்லாயிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தை விட்டுத்தான் நிகழ்ச்சி நிரல் போட வேண்டும். போயா (பௌர்ணமி) தினத்தைத் தவிருங்கள்.

என் தெரிவு

நேரம் நான்கு மாதமும் இருபது மாணவரும் இருந்தால்: ஒரு பொருள், இரண்டு ஊர், ஊருக்கு மூன்று பயணம், இடையில் சின்ன அறையில் நான்கு அமர்வு, முடிவில் அரை நாள் நிகழ்ச்சி. அந்த அரை நாளில் அதிதி உரை ஒன்றும் இல்லாமல் செய்ய நிர்வாகம் விடாது. ஒன்றோடு நிறுத்தக் கேளுங்கள். ஆறு வாரம்தான் என்றால் கண்காட்சி, செய்பவரே வந்து இருக்கும் கண்காட்சி. மேடை விழாவை விடவே முடியாத கல்லூரி என்றால், அதை வைத்துக்கொண்டே இரண்டு விடயத்தை மாற்றலாம்: நிகழ்ச்சி எட்டை நான்காக்கி நேரத்தை இரட்டிப்பாக்குவது, எந்தச் சமூகத்தைக் காட்டுகிறோமோ அந்தச் சமூகத்தில் ஒருவரின் சம்மதம் இல்லாமல் எதையும் மேடையேற்றாமல் விடுவது. நீதி அரங்கை மட்டும் தனி நிகழ்ச்சியாக, முதல் முயற்சியாகச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இந்த ஆண்டு எங்கள் குழு எடுத்த பொருள் மேளம். பறை, மத்தளம், முஸ்லிம்களின் ரபான், சிங்களவரின் பெர, பறங்கியர் கலியாண வீட்டுக் கொட்டு. முதல் பயணம், அன்று வாசலில் நின்ற பறைமேள ஐயாவின் வீட்டுக்கு. அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நான் போனேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, தோல் இறுகி விட்டதா என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு ஒவ்வொரு சத்தமாகச் சொன்னார். கல்லூரிக்கு வருவீர்களா என்று கடைசியில் பிள்ளைகள் கேட்டார்கள். வாறன், ஆனால் நெருப்பு மண்டப வாசலில் மூட்ட வேண்டும், பின்பக்கம் இல்லை, பறை காய்கிற மட்டும் எல்லாரும் நின்று பார்க்க வேண்டும் என்றார். நிகழ்ச்சி நிரலில் முதல் இருபது நிமிடம் அதற்கு என்று எழுதியிருக்கிறோம். அது முடிந்த பிறகு அவர்தான் முதலில் உள்ளே போகிறார்.